சராசரிக்குள் மறையும் பிழை

2023-இல் வெளியான ஐசிஎம்ஆர்-இந்தியாப் (INDIAB) ஆய்வில் நாட்டின் நீரிழிவு அளவு 11.4 சதவீதம்; கேரளத்தில் 25.5. வயது வந்தவர்களில் நாலில் ஒருவருக்குச் சர்க்கரை என்றால் திருவனந்தபுரத்தின் ஆரியசாலைக் கடைத்தெரு மட்டும் விலக்காக இருக்க வழியில்லை. அதனால்தான் கையில் ஒட்டிக்கொள்ளும் சர்க்கரை அளவு சென்சாரை "9 சதவீதப் பிழை" என்கிற மாதிரி ஒற்றைச் சராசரியைக் காட்டி விற்பது போதாது என்கிறேன். சென்சார் ரத்தத்தை அளப்பதில்லை, தோலடித் திசுநீரை அளக்கிறது. சர்க்கரை மளமளவென்று இறங்கும்போது சில நிமிடங்கள் பின்தங்கும். தூக்கத்தில் கை அழுந்தினாலே பொய்யாகத் தாழ்நிலை காட்டும். சில வகைகளில் பாராசிட்டமால் எண்ணை உயர்த்திவிடும். 200-இல் 20 தவறினால் பெரிதாக ஒன்றும் ஆகாது. 60-ஐ 80 என்று காட்டினால், இன்சுலின் போடுகிறவர் மயங்கி விழக்கூடும். இரண்டையும் ஒரே சராசரி விழுங்கிவிடுகிறது.

விரலில் குத்திப் பார்க்கும் மீட்டரிலும் பிழை உண்டே என்பார்கள். உண்டு. 2013-ஆம் ஆண்டின் ஐஎஸ்ஓ விதியே 100-க்கு மேல் 15 சதவீத விலகலை ஏற்கிறது. ஆனால் 100-க்குக் கீழே தனி வரம்பு வைத்திருக்கிறது. அமெரிக்காவின் எஃப்டிஏ 2018-இல் சென்சார்களுக்கும் 70-க்குக் கீழே தனி வரம்பு வகுத்தது. கடுமை கூடினால் விலையும் கூடும் என்ற அச்சம் நியாயமானது. ஆனால் ஏற்கெனவே செய்த சோதனையின் முடிவைத் தாழ்நிலை, உயர்நிலை என்று பிரித்துப் பெட்டியில் அச்சிடுவதற்குப் பெரிய செலவில்லை.