வலிக்கிறது என்று சொல்லுங்கள்

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு மசாலாக் கிடங்கில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன் நான். இப்போது இடக்கொச்சியில் மகன் வீட்டில் இருக்கிறேன். இளையவர்களிடம் அழுத்திச் சொல்ல எனக்கு ஒன்று உண்டு. வலியைப் பல்லைக் கடித்துத் தாங்குவதைப் பெருமையாக நினைக்காதீர்கள். வலியே தெரியவில்லை என்றால் அதை வரமாகவும் நினைக்காதீர்கள்.

எங்கள் கிடங்குகளில் இதற்கு நேர்மாறான பாடம்தான் நடந்தது. வற்றல் மிளகாய் மூட்டையைப் பிரித்தால் கையும் கண்ணும் எரியும். சுக்குக்குச் சுண்ணாம்பு ஏற்றும் பெண்களுக்கு விரலிடுக்கு வெடித்திருக்கும். எரிகிறது என்று யாராவது சொன்னால், "பழகிப்போகும், வேலையைப் பார்" என்பதே பதில். இன்று இந்தப் பக்கம் இறால் உரிக்கும் கொட்டகைகளுக்குப் போய்வரும் பெண்களும் அதே பதிலைத்தான் கேட்கிறார்கள். ஐஸில் கை மரத்துக் கிடக்கும்போது இறால் முள் குத்தியது தெரிவதில்லை. வீட்டுக்கு வந்து கையில் சூடு ஏறிய பிறகுதான் விண்விண்ணென்று தெறிக்கிறது. காலையில் வலிக்காதது ராத்திரி மட்டும் எப்படி வலிக்கும் என்று வீட்டில் கேட்பார்கள். கண்ணுக்குத் தெரியாத வலியை நம்புவதற்கு மனிதருக்கு அவ்வளவு தயக்கம்.

மிளகாய்க் காரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அது ஏன் எரிகிறது என்பதற்கு விடை வந்தது 1997இல்தான். அமெரிக்காவில் டேவிட் ஜூலியஸின் குழு அதை வெளிச்சத்தை வைத்துக் கண்டுபிடித்தது. கால்சியம் சேர்ந்தால் ஒளிர்வு மாறும் சாயங்களை ரோஜர் சியென் என்பவர் 1980களில் உருவாக்கியிருந்தார். வலியை உணரும் எலி நரம்பணுக்களில் வேலை செய்யும் மரபணுக்களை எடுத்து, காரம் உறைக்காத வேறு அணுக்களுக்குள் தொகுதி தொகுதியாகச் செலுத்தினார்கள். பிறகு சாயம் ஏற்றி, மிளகாயின் காரச்சத்தை விட்டு, நுண்ணோக்கியில் கண் வைத்துக் காத்திருந்தார்கள். எந்தத் தொகுதியில் அணுக்கள் ஒளிர்ந்தனவோ அதை மேலும் மேலும் பிரித்துக்கொண்டே போய், கடைசியில் ஒரே ஒரு மரபணுவில் வந்து நின்றார்கள். அந்த மரபணு ஆக்கும் புரதம் நரம்பு நுனியில் ஒரு கதவுபோல் இருக்கிறது. ஏறக்குறைய 43 டிகிரி செல்சியஸ் சூடு பட்டால் அது திறந்து கால்சியத்தை உள்ளே விடும். மிளகாய்க் காரம் பட்டாலும் திறக்கும், மிளகின் காரத்துக்கும் திறக்கும். ஆக, கிடங்கில் மிளகாய் மூட்டையைப் பிரித்து எரிகிறது என்று சொன்னவர்களின் நரம்புக்கு எட்டியது சூடு பட்ட செய்திதான். அவர்கள் கூட்டிச் சொல்லவில்லை. 2021இல் ஜூலியஸுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது எனக்கு அவர்கள் முகங்கள்தான் நினைவுக்கு வந்தன.

ஜெருசலேமில் ஹீப்ரூ பல்கலைக்கழகத்தின் அலெக்சாண்டர் பின்ஷ்டாக் குழு இன்னும் கிட்டே போய்ப் பார்த்தது. உயிருள்ள எலியின் கருவிழியில், வலி நரம்பின் நுனி ஒவ்வொன்றிலும் கால்சியம் ஏறி இறங்குவதை ஒளிர்வாகவே கண்டு 2019இல் வெளியிட்டார்கள். மூளைக்கு ஓடும் சமிக்ஞை நரம்பின் நுனியிலேயே பிறப்பதில்லை, கொஞ்சம் உள்ளே தள்ளித்தான் பிறக்கிறது. அழற்சியின்போது உடலில் சுரக்கும் பொருள்களை அங்கே விட்டால், சமிக்ஞை பிறக்கும் இடம் நுனியை நோக்கி நகர்ந்துவிடுகிறது. நரம்பும் சட்டென்று கிளர்ந்தெழுகிறது. வீங்கிய விரலில் துணி உரசினாலும் உயிர் போகிறது என்கிறோமே, அதை நடிப்பு என்று சொல்ல இனி யாருக்கும் வாய் வரக்கூடாது.

வலி இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று காட்டியவர் 1914இல் பிறந்து நம் கொல்லிமலையில் வளர்ந்த டாக்டர் பால் பிராண்ட். 1946இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தார். தொழுநோயில் விரல்கள் அழுகி உதிர்கின்றன என்றுதான் அதுவரை உலகம் நம்பியிருந்தது. நோய் நரம்பைக் கெடுக்கிறது, உணர்ச்சி போகிறது, பிறகு சூட்டுப் பாத்திரமும் முள்ளும் ஆணியும் விரலைத் தின்கின்றன என்று அவர் கண்டார். இரவில் எலி கடித்தது கூடத் தெரியாமல் தூங்கியவர்கள் இருந்தார்கள். அதற்காகவே வீடு திரும்புகிறவர்களுக்குப் பூனை கொடுத்தனுப்பியதாக அவர் எழுதியிருக்கிறார். படிக்கும்போது நெஞ்சு அடைத்துக்கொண்டது.

அந்த மரத்துப்போதல் இன்று சர்க்கரை நோயாக நம் வீடுகளுக்குள் வந்திருக்கிறது. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வின்படி கேரளத்தில் பெரியவர்களில் 25.5 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய். நாடு முழுவதும் சேர்த்துப் பார்த்தால் 11.4தான். என்னோடு வேலை பார்த்த சுமைதூக்கும் நண்பர் ஒருவர், "ஆணி ஏறினாலும் எனக்கு வலிக்காது" என்று மார்தட்டுவார். நிஜமாகவே ஆணி ஏறியது. செருப்பில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. இரண்டு விரல்களை எடுக்கவேண்டியதாயிற்று. அவர் வீரர் என்று நாங்கள் எல்லோரும் சேர்ந்து புகழ்ந்துகொண்டிருந்த காலத்திலேயே, சர்க்கரையால் காலில் நரம்புகள் கெட்டுக்கொண்டிருந்தன.

இதை முன்கூட்டியே பார்க்கவும் வெளிச்சம் உதவுகிறது. உடலிலேயே வலி நரம்புகள் மிக நெருக்கமாக இருக்கும் இடம் கருவிழி. கன்ஃபோக்கல் நுண்ணோக்கி என்ற கருவியால், கத்தி படாமல், ஒளியை மட்டும் செலுத்தி அந்த நரம்பிழைகளைப் படம் எடுக்கிறார்கள். மான்செஸ்டரில் ரயாஸ் மாலிக் குழு இதைச் சர்க்கரை நோயாளிகளிடம் செய்து பார்த்தது. சர்க்கரையால் நரம்பு கெடத் தொடங்கியவர்களின் கண்ணில் அந்த இழைகள் குறைந்திருந்தன. கருவிழியைத் தெளிவாகப் பார்க்க முடிவதால், காலின் நிலையை அதை வைத்து ஊகிக்கிறார்கள்.

அந்தக் கருவி எல்லா ஊரிலும் கிடைக்காது. ஆனால் 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையைப் பாதத்தில் வைத்து, தெரிகிறதா என்று கேட்கும் சோதனை சில நிமிட வேலைதான். சர்க்கரை உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது அதைக் கேட்டு வாங்கிச் செய்துகொள்ளுங்கள். குனிய முடியாதவர்கள் கண்ணாடி வைத்து உள்ளங்காலைத் தினமும் பாருங்கள். வெந்நீரில் காலை விடுமுன் முழங்கையால் சூடு பாருங்கள். உச்சிவெயிலில் கோயில் பிரகாரத்தில் வெறுங்காலோடு நடக்காதீர்கள். வலிக்காத புண்ணைக் கண்டால் மறுநாள் வரை காத்திராமல் அன்றே டாக்டரிடம் போங்கள்.