இரண்டு தராசுகள்

தானா ராத்தா என்னும் மலாய்ப் பெயருக்குச் சமநிலம் என்பது பொருள். கேமரன் மலையில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில், குன்றுகளுக்கு நடுவே சிறிது தட்டையாக அமைந்த இடமாதலின் அப்பெயர் பெற்றது. 1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் இம்மலைப் பகுதியை ஆராய்ந்தார். 1929இல் தேயிலை இங்குத் தோட்டப் பயிராகத் தொடங்கியது. 1930களின் தொடக்கத்தில் தாப்பாவிலிருந்து மலையேறும் சாலையும் வந்தது. அச்சாலை வழியே தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் மேலேறின. அவர்களைத் தொடர்ந்து அரிசி மூட்டையும் பருப்பு மூட்டையும் ஏறின. நிலத்திற்குச் சமநிலம் என்று பெயர் அமைந்தது. ஆனால் விற்பவரும் வாங்குபவரும் அங்குச் சமமாக நின்றனரா என்பது வேறு வினா.

1960களில் அவ்வூரை அடுத்த தோட்டமொன்றில் வாழ்ந்த மூதாட்டி ஒருவர் நாள்தோறும் இரண்டு தராசுகளின் முன் நிற்பவராக இருந்தார். முதல் தராசு மலைச்சரிவில், கொழுந்து நிறுக்கும் இடத்தில் இருந்தது. பனியில் நனைந்து பறித்த கொழுந்தை அங்கே கொண்டு வைப்பார். கூடைக்கென்றும் இலையின் ஈரத்துக்கென்றும் எடை கழிக்கப்படும். மீதி எவ்வளவோ அதுவே அன்றைய கணக்கு. இரண்டாம் தராசு மாலையில், மளிகைக் கடையில் இருந்தது. அங்கே அவர் அரிசியும் மீனும் காட்டிக் கணக்கில் வாங்குவார். முதல் தராசில் அவர் விற்பவர். இரண்டாம் தராசில் வாங்குபவர். இரண்டிலும் முள் எங்கே நின்றது என்று படிக்கத் தெரியாதவர்.

பச்சைக் கொழுந்து 4 அல்லது 5 கிலோ சேர்ந்தால்தான் 1 கிலோ தேயிலைத் தூள் கிடைக்கும். அத்தூளையும் அவர் கடையிலேதான் வாங்கினார். தாம் பறித்த இலை எந்த விலைக்குப் போயிற்று, எந்த விலையில் தம்மிடம் திரும்பி வந்தது என்பதைச் சொல்வார் எவருமில்லை. கேட்க வேண்டும் என்னும் எண்ணமும் அவருக்கு எழவில்லை.

கடையில் அவருக்குப் பற்றுப் புத்தகம் ஒன்று இருந்தது. அது கடைக்காரரிடமே இருக்கும். சம்பள நாளில் மொத்தத் தொகை சொல்லப்படும்; மூதாட்டி முந்தானையை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு, மறுநாளே புதுப் பற்றைத் தொடங்குவார். ஒரு மாதம், தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படித்த பேத்தியை உடன் அழைத்துச் சென்றார். சிறுமி மேசை மீதிருந்த புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பி, விரல் வைத்துப் படித்தாள்.

"பாட்டி, பால் டின் 12ஆம் தேதி வாங்கினோமா? அன்றைக்கு நாம் தாப்பா மருத்துவமனையில் அல்லவா இருந்தோம்?"

மூதாட்டி திகைத்துப் போனார். பேத்தியின் வாயைப் பொத்தவே முதலில் அவர் கை எழுந்தது. பின்னர், "முதலாளி, சின்னப் பிள்ளை ஏதோ கேட்கிறது, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்" என்றார் மெதுவாக. கடைக்காரர் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். முகம் சிறுத்தது. "வேறு வீட்டுக் கணக்கு இதில் ஏறிவிட்டது போலிருக்கிறது, ஆயா" என்று சொல்லி அவ்வரியை அடித்தார்.

அது தவறா, தந்திரமா என்பதை அறிந்தவர் அவர் ஒருவரே. அவரைக் கொடியவர் என்று தீர்ப்பளிப்பதும் எளிதன்று. அடைமழையில் வேலை குறைந்த நாள்களில் அரிசி கொடுத்தவர் அவர். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட இரவில் கதவைத் திறந்து பணம் கொடுத்தவரும் அவரே. ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வளைந்தேறும் சாலையில் சரக்கு ஏற்றி வரும் செலவும், திரும்பி வராத கடனும் அவர் கணக்கில் இருந்தன. குறை ஒருவர் மனத்தில் மட்டும் இருந்ததன்று. வாங்குபவருக்கு வேறு கடையில்லை, கையில் ரொக்கமில்லை, எழுத்தறிவில்லை. இம்மூன்றும் கூடிய இடத்தில் நல்லவர் கையிலும் தராசு சாய்வதற்கு வழியுண்டு. பயனீட்டாளர் இயக்கத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

சட்டம் இதனை அறியாமலில்லை. சம்பளத்தைப் பணமாகவே தர வேண்டும். இன்ன கடையில்தான் செலவிட வேண்டும் என்று முதலாளி நிபந்தனை விதிக்கக் கூடாது. மதுக்கடையிலோ சில்லறைக் கடையிலோ வைத்துச் சம்பளம் வழங்கக் கூடாது என்றெல்லாம் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் வகுத்தது. இவ்விதிகளுக்குப் பின்னே நெடிய வரலாறு உண்டு. இங்கிலாந்தில் ஆலைத் தொழிலாளர்க்குப் பணத்துக்குப் பதில் கடைச்சரக்கே கூலியாக அளிக்கப்பட்டது. அதனைத் தடுக்க 1831இல் சட்டம் வந்தது. 1844இல் ராச்டேல் நகரத்தில் 28 பேர் கூடித் தமக்கென ஒரு கடை திறந்தனர். மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் கலப்படமின்றிச் சரியான நிறையில் கிடைக்க வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம். மலைத்தோட்டத்தின் நிலைமையும் இதற்கு வெகு தொலைவில் இல்லை. சட்டம் கட்டாயத்தைத் தடுத்தது. ஆனால் தூரத்தையும் கடனையும் தடுக்க அதனால் இயலவில்லை.

உலக அரங்கில் 1962 மார்ச் 15ஆம் நாள் அமெரிக்க அதிபர் கென்னடி பாதுகாப்பு, தகவல், தேர்வு, குறை கூறல் ஆகிய நான்கையும் வாங்குவோரின் உரிமைகளாக அறிவித்தார். மலேசியாவில் 1965இல் சிலாங்கூரிலும், 1969இல் பினாங்கிலும் பயனீட்டாளர் சங்கங்கள் தோன்றின. 1973இல் நாடளாவிய சம்மேளனம் அமைந்தது. காலம் அவ்வாறு அமைந்திருந்தது. பொட்டலமிட்ட பொருளும் விளம்பரமும் தவணைக் கொள்முதலும் சிற்றூர்வரை நுழைந்துவிட்டன. 1973, 1974ஆம் ஆண்டுகளில் உலகெங்கும் விலைவாசி ஏறியது. ரப்பர் விலையோ சரிந்தது. 1974இன் இறுதியில் பாலிங் வட்டாரத்து மக்கள் பசியென்று சொல்லித் தெருவுக்கு வந்தனர். விலை என்பது வீட்டுக் கணக்கு மட்டுமன்று, நாட்டுக் கணக்கும் ஆகும் என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்தியது.

பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்திற்கு நெடுங்காலம் தலைமை தாங்கி 2019இல் மறைந்த எஸ். எம். முகமது இத்ரீஸ் தமிழகத்தில் பிறந்தவர். அச்சங்கம் நகரத்துக் கடைத்தெருவோடு நின்றுவிடவில்லை. மீனவர் கிராமத்துக்கும் தோட்டத்து லயத்துக்கும் சென்றது. மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் ஆகிய மொழிகளில் எழுதியது. தமிழறியாத சட்டம் தமிழ்த் தொழிலாளியின் வீட்டுத் திண்ணைக்கு வந்தது அவ்வாறுதான்.

சொல்லையும் இங்கு எண்ணிப் பார்க்கலாம். தமிழகத்தார் நுகர்வோர் என்பர். மலேசியத் தமிழர் பயனீட்டாளர் என்பர். நுகர்தல் துய்த்தலைக் குறிக்கும். பயனீடு என்பதோ ஒன்றை அறிந்து பயன்படுத்துதல். வாங்குபவர் வெறும் வயிறல்லர், அறிவுமுடையவர் என்பது இச்சொல்லுள் அடங்கியிருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்து வணிகரின் நேர்மையைப் பட்டினப்பாலை புகழ்கிறது. வாங்கும்போது மிகுதி கொள்ளாமையும் விற்கும்போது குறையாமையும் அவர்தம் அறமாயின. அங்கே அறம் விற்பவர் உள்ளத்தைச் சார்ந்து நின்றது. வாங்குபவரின் விழிப்பையும் அவ்வறத்துக்குக் காவலாக நிறுத்தியது பிற்கால இயக்கம்.

1972ஆம் ஆண்டு எடை அளவைச் சட்டத்தின்பின் காட்டி படிப்படியாக மறைந்து கிலோ வந்தது. மனக்கணக்காகக் காட்டியை அறிந்திருந்த முதியோர் கடைமுன் மீண்டும் தடுமாறினர். 1999இல் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்வழி அமைந்த நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டி, வழக்கறிஞரின்றித் தாமே வழக்குரைக்கலாம். 50,000 ரிங்கிட் வரை இழப்பீடு கோரலாம். கதவு அகலத் திறந்துதான் இருக்கிறது. ஆயினும் மனுவை நிரப்பவும் ரசீதைப் பேணவும் அறிந்தவரே அக்கதவைக் கடக்க முடிகிறது. இன்று அம்மலைத் தோட்டங்களில் வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்தோர் பலர் கொழுந்து எடுக்கின்றனர். கடைப்பலகையின் மொழி அவர்களுக்கும் புதிது. மூதாட்டியின் இடம் வெற்றிடமாகிவிடவில்லை.

அம்மூதாட்டியின் கதை அந்த ஒரு வரியோடு முடியவில்லை. செய்தி லயத்தில் பரவிற்று. அடுத்த சம்பள நாளில் ஏழெட்டுப் பெண்கள் ஒன்றாகக் கடைக்குச் சென்றனர். சண்டையிடவில்லை, ஆளுக்கொரு புத்தகம் தங்கள் கையிலும் இருக்கட்டும் என்று மட்டும் கேட்டனர். கடைக்காரர் சிறிது தயங்கினார், பிறகு இசைந்தார். அன்றுமுதல் இரு புத்தகங்களில் ஒரே கணக்கு ஏறியது. சனிக்கிழமை மாலைகளில் நான்காம் ஆண்டுச் சிறுமி லயத்து வாசற்படியில் அமர்ந்து ஒவ்வொரு வீட்டுக் கணக்கையும் உரக்கப் படித்தாள். கடையும் மூடப்படவில்லை, கடனும் நிறுத்தப்படவில்லை. அவர்கள் அதற்குச் சங்கம் என்று பெயரிடவில்லை. ஆனால் சங்கம் என்பதன் சாரம் அங்கே இருந்தது.

தமிழ்ப்பள்ளியில் கூட்டல் கழித்தல் கற்பிக்கும் ஆசிரியர், தேர்வுத் தாளை எண்ணியே அதனைக் கற்பிக்கக்கூடும். அது எந்த வீட்டு வாசலில், எந்தத் தராசின் முன் பயன்படும் என்பதை அவர் அறியார். அன்று அம்மூதாட்டி புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு பேத்தியிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "கொழுந்து நிறுக்கிற இடத்திலும் இதுபோல் ஒரு புத்தகம் கேட்கலாமா, கண்ணு?"