ஊத்துக்கோட்டையில் ஒரு டம்ளர் பால்

சென்னை மாதவரத்தில் பஸ் ஏறி, செங்குன்றம், பெரியபாளையம் தாண்டினால் ஊத்துக்கோட்டை. கூப்பிடு தூரத்தில் ஆந்திர எல்லை. கடைத்தெருவில் தமிழோடு தெலுங்கும் காதில் விழும். சிவன் பள்ளிகொண்டிருக்கும் சுருட்டப்பள்ளி பக்கத்தில்தான். கிருஷ்ணா தண்ணீர் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து பூண்டி ஏரிக்குப் போவதும் இந்த வழியாகத்தான்.

நான் போனது தங்கை மகளைப் பார்க்க. பிள்ளை பெற்று இரண்டு மாதம். குழந்தை குடித்தது போக மார்பு கட்டிக்கொண்டு ஒரே வலி. தினம் ஒரு டம்ளர் பீய்ச்சி, கால் படாத இடமாக முருங்கை மரத்தடியில் ஊற்றுகிறாள். "பெரியம்மா, எழும்பூர்ல இதை வாங்கிக்கறாங்களாமே?" என்றாள். மாமியார் விடுவாரா! "என் பேரன் பங்கை ஊராருக்குக் குடுக்கறதா? கண்ணு பட்டுடும்."

அந்தம்மாளைக் குறை சொல்ல மாட்டேன், பேரன்மேல் அத்தனை ஆசை. ஆனால் சகோதரிகளே, தன் குழந்தை வயிறாரக் குடித்து மிஞ்சியதைத்தான் கேட்கிறார்கள். பீய்ச்சப் பீய்ச்சப் பால் ஊறுமே தவிரக் குறையாது.

மும்பை சயான் ஆஸ்பத்திரியில் டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் 1989-ல் ஆரம்பித்ததுதான் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி. எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு 2014-ல் வந்தது. கொடுப்பவருக்கு எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமி, மேகநோய் உண்டா என்று முதலில் ரத்தப் பரிசோதனை. பிறகு பாலை 62.5 டிகிரி சூட்டில் 30 நிமிஷம் வைத்து, மைனஸ் 20 டிகிரியில் உறைய வைக்கிறார்கள். குறைமாதத்தில் பிறந்து ஒன்றரைக் கிலோகூடத் தேறாத சிசுவுக்கு டின் பவுடர் பால் கொடுத்தால் குடல் கெடும் ஆபத்து அதிகம். பெற்றவளுக்குப் பால் இல்லையென்றால் அடுத்தது இந்தப் பால்தான். அதுவும் வேளைக்குச் சில மில்லி போதும். முருங்கைக்குப் போகும் டம்ளரில் எத்தனை வேளை!

காசு பணம் கிடையாது. 2024 மே மாதம் மாதவரத்தில் ஒரு கடையில் 50 மில்லி 500 ரூபாய் என்று தாய்ப்பாலை விற்க, அதிகாரிகள் சீல் வைத்தார்கள். நாம் பஸ் ஏறும் அதே மாதவரம்!

கஷ்டம் தூரத்தில்தான். தூக்குச்சட்டியில் ஊற்றிக்கொண்டு பஸ் ஏறுகிற சமாசாரமில்லை. வழியெல்லாம் பால் சில்லென்று இருக்க வேண்டும். இல்லையென்றால் பச்சை உடம்புக்காரி கைக்குழந்தையோடு சுமார் 50 கிலோமீட்டர் போய், அங்கேயே பீய்ச்சிக் கொடுக்க வேண்டும்.

எல்லாம் கேட்டுவிட்டு மாமியார், "எந்தக் குழந்தை குடிக்குதுன்னு சொல்லுவாங்களா?" என்றார். பல தாய்மார் பாலை ஒன்றாகக் கலந்துவிடுவார்கள், யாருடையது யாருக்கென்று தெரியாது என்றேன்.

"அப்போ கண்ணு படாது" என்றார், யோசித்து. "அடுத்த தடுப்பூசி போடட்டும், பார்க்கலாம்."