கப்பிச் சத்தம் கேட்காத நாள்

எண்பதுகளில் டென்மார்க் வந்த எங்கள் இளைஞர்கள் ஊருக்கு அனுப்பிய படங்களை நினைத்துப் பாருங்கள். தடித்த குளிரங்கி, காலடியில் பனி, பக்கத்தில் யாரோ ஒருவருடைய கார். கோப்பை கழுவி வெடித்த கைகள் காற்சட்டைப் பைக்குள் இருக்கும். அந்தப் படத்தை அம்மா அயலுக்கெல்லாம் காட்டுவா. பிள்ளை நல்லாயிருக்கிறான் என்று நாலுபேர் சொன்னால்தான் அவவுக்கு நித்திரை வரும்.

ஆகவே, பிறர் வாயால் 'நல்லாயிருக்கிறாய்' என்று கேட்கும் ஆசை முகநூலோடு வந்ததல்ல. 2009இல் முகநூல் 'லைக்' என்ற கட்டைவிரலைக் கொண்டுவந்தபோது அந்த ஆசைக்கு ஓர் எண்ணிக்கை கிடைத்தது, அவ்வளவுதான். அந்த எண்ணிக்கையை மறைத்துவைக்கும் வசதி 2021இல் வந்தது. அதைப் பயன்படுத்தும் எம்மவர் ஒருவரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை.

விடிய எழும்பியது, சீனி விட்டது, நடந்தது எல்லாவற்றையும் ஏன் ஊருக்குச் சொல்லவேண்டும் என்று நக்கலடிப்போர் எங்களுக்குள் உண்டு. டென்மார்க்கில் பிறந்து நோர்வேக்குப் போன அக்செல் சன்டமூச 1933இல் வெளியான தன் நாவலில் 'யந்தே சட்டம்' என்று பத்து விதிகளை எழுதினார். தன்னை ஒரு பெரிய ஆளாக எவரும் நினைக்கக்கூடாது என்பதே அவற்றின் சாரம். டெனிஷ்காரர் இன்றும் அதைச் சொல்லித் தங்களையே கேலிசெய்வார்கள். ஆனால் மாரியில் கடலில் முழுகிவிட்டுச் சிவந்த முகத்தோடு படம் போடுவோரும் அவர்கள்தான்.

எங்களுடைய காரணம் கொஞ்சம் வேறு. ஊரில் ஒருவரின் பழக்கத்தை அவர் சொல்லத் தேவையில்லை. விடிய நாலு மணிக்குக் கிணற்றுக் கப்பி சத்தமிட்டால் இன்னார் எழும்பிவிட்டார் என்று வேலிக்கு அப்பால் தெரியும். புரொண்பியின் மாடிக் கட்டிடங்களில் மேல்வீட்டுக்காரர் இருக்கிறாரா, இல்லையா என்பதே தெரியாது. தன் நாளைப் பார்க்க ஒருவருமில்லாதவர் அதைப் படமெடுத்துப் போடுகிறார். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

ஆனால் ஒன்று. ஊர் கவனித்தது கப்பிச் சத்தத்தை மட்டுமல்ல. அது கேட்காத நாளையும்தான். அன்றைக்குப் படலையடியில் யாராவது வந்து நின்று கூப்பிடுவார்கள். கட்டைவிரலோ போட்டதை மட்டுமே எண்ணும்.

மண் கொட்டி உருவாக்கி 1980இல் திறந்த 7 கிலோமீற்றர்க் கடற்கரை எங்கள் புரொண்பிக்கு முன்னால் கிடக்கிறது. அங்கே நாள்தோறும் நடந்து, எத்தனை காலடி என்று முகநூலில் போடும் நண்பர் ஒருவர், தனியாள், போன மாரியில் காய்ச்சலில் விழுந்தார். பதினொரு நாள் கணக்கு வரவில்லை. ரொறன்ரோவிலிருந்து சிட்னிவரை கட்டைவிரல் காட்டியவர்களில் ஒருவரும் கேட்கவில்லை. மணியை அடித்தவர் அடுத்த வாசலில் இருக்கும் டெனிஷ் மூதாட்டி. நாயோடு நடக்கும்போது தினமும் கண்டவரைக் காணவில்லையே என்று வந்திருக்கிறார். அவருக்கு முகநூலே கிடையாது.

எம்மவர் தங்கள் தேநீரையும் நடையையும் போடட்டும். நாங்களும் விரலை அழுத்துவோம். யார் சில நாளாகப் போடவில்லை என்பதையும் ஒருக்கால் பார்ப்போம். தொலைபேசி அதே கையில்தானே இருக்கிறது.