பெயர் மட்டும் இலவசம் இல்லை

காமர்ஸ் படிக்கிறவனுக்கு மென்பொருளைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்காதீர்கள். இது பெயரைப் பற்றிய பதிவு. குட்வில், டிரேட்மார்க் எல்லாம் எங்கள் பாடம்தான் :-)

சென்னை சி-டாக் 2007-ல் வெளியிட்ட லினக்ஸின் பெயர் பாஸ். பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம். முழுப்பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அரசு கொடுத்த இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு இதுவும் இருந்தது. "என்ன பாஸ்" என்று பேசுகிற ஊர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் ஏது? ஆனால் அதன் பதிப்புகளின் பெயர்கள் அனோக்கா, உன்னதி என்று போகும். சென்னையில் செய்த சரக்கு, பெயர் மட்டும் வடக்கே இருந்து.

இதற்கு நேர் எதிர், தமிழா! குழுவின் எ-கலப்பை. கணினியில் தமிழ் தட்டச்சு செய்யும் கருவிக்கு ஏர் உழும் கலப்பையின் பெயர். பெயரைக் கேட்டதுமே வேலை புரிந்துவிடுகிறது.

எல்லாப் பெயருக்கும் இப்படிப் பெரிய யோசனை இருக்காது. பாஸுக்கு அடிப்படையான டெபியனைத் தொடங்கிய இயன் மர்டாக், 1993-ல் தன் தோழி டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் ஒட்டவைத்தார். மைஎஸ்க்யூஎல்லில் இருக்கும் 'மை', அதை உருவாக்கிய விடேனியஸின் மகள் பெயர். நம் ஊரில் கடைக்குப் பிள்ளை பெயரை வைப்பதில்லையா, அது மாதிரிதான்.

வைப்பது எளிது. சிக்கல் மாற்றும்போதுதான்.

பயர்பாக்ஸ் 2002-ல் ஃபீனிக்ஸ் என்று பிறந்தது. ஃபீனிக்ஸ் டெக்னாலஜிஸ் என்ற நிறுவனத்தோடு பெயர்த் தகராறு வர, 2003-ல் ஃபயர்பேர்ட் ஆனது. அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு டேட்டாபேஸ் இருந்தது. அவர்களும் சண்டைக்கு வந்தார்கள். 2004 பிப்ரவரியில்தான் பயர்பாக்ஸ். அதோடும் முடியவில்லை. டெபியன்காரர்கள் தாங்கள் திருத்திய பதிப்புக்கு அந்தப் பெயரை வைக்க மொசில்லா ஒத்துக்கொள்ளாததால், 2006 முதல் 2016 வரை அதே உலாவியை ஐஸ்வீசல் என்ற பெயரில் கொடுத்தார்கள்.

கவனித்தீர்களா? நிரலை யாரும் எடுக்கலாம், திருத்தலாம், விற்கலாம். பெயரை மட்டும் தொடக் கூடாது. எல்லாவற்றையும் திறந்து போட்ட வீட்டில் பூட்டு இருக்கும் ஒரே அறை அதுதான்.

அந்த அறையின் சாவி யாரிடம் என்பது 2010-ல் தெரிந்தது. சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கியபோது ஓபன் ஆபீஸ் என்ற பெயரும் அவர்கள் கைக்குப் போனது. அதில் உழைத்தவர்களில் பலர் 2010 செப்டம்பரில் வெளியேறி லிப்ரே ஆபீஸைத் தொடங்கினார்கள். அது தற்காலிகப் பெயர்தான். பழைய பெயரை ஆரக்கிள் கொடுத்துவிடும் என்று எதிர்பார்த்தார்கள். கொடுக்கவில்லை. 2011-ல் அது அப்பாச்சி அறக்கட்டளைக்குப் போனது. அதே ஆண்டு ஹட்சன் என்ற திட்டத்திலும் ஆரக்கிளோடு பெயர்ச் சண்டை. அங்கே ஓட்டெடுப்பே நடத்தினார்கள். மாற்றலாம் என்று 214 பேர், வேண்டாம் என்று 14 பேர். ஜென்கின்ஸ் பிறந்தது.

பழைய பெயர் லேசில் போகாது என்பதும் உண்மை. எங்கள் மாவட்டம் 1985-ல் காமராஜர் மாவட்டமாகப் பிறந்து, 1997-ல் விருதுநகர் மாவட்டம் ஆனது. அப்பாவின் சான்றிதழில் இன்னும் பழைய பெயர்தான். லிப்ரே ஆபீஸ் வந்து இத்தனை வருடம் கழித்தும் ஓபன் ஆபீஸைத் தேடி இறக்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

இதையெல்லாம் படிக்கும்போது எனக்கு வெம்பக்கோட்டைதான் நினைவுக்கு வந்தது. எங்கள் பக்கம் பட்டாசின் மதிப்பில் பெரும்பங்கு லேபிளில் இருக்கிறது. பேர் போன லேபிள் என்றால் ஒரு விலை, தெரியாத லேபிள் என்றால் வேறு விலை. என் அம்மா பட்டாசு ஆபீசில் அந்த லேபிளைத்தான் ஒட்டுகிறார். கூலி எண்ணிக்கைக் கணக்கில். எத்தனை ஆயிரம் ஒட்டினாலும் அந்தப் பெயரில் அவருக்கு ஒரு எழுத்துகூடச் சொந்தமில்லை. இருபது வருடக் கைப்பழக்கத்தோடு வெளியே வந்தால் அவர் கையில் இருப்பது பசை மட்டும்தான்.

லிப்ரே ஆபீஸ்காரர்கள் பெயரை இழந்தார்கள். ஆனால் உழைப்பைக் கையோடு எடுத்துப் போக முடிந்தது. அதனால்தான் புதுப் பெயரிலும் பிழைத்தார்கள். கட்டற்ற மென்பொருள் என்றால் காசில்லாமல் கிடைப்பது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது இந்த ஒரு உரிமைதான். முதலாளி மாறினால், செய்தவன் தான் செய்ததை எடுத்துக்கொண்டு நடக்கலாம். பெயர்தானே, இன்னொன்று வைத்துக்கொள்ளலாம்.

உங்களுக்குத் தெரிந்த பெயர் மாறிய கதைகள் இருந்தால் சொல்லுங்கள். பட்டாசு லேபிள் கதையாக இருந்தாலும் சரி!