கீரிமலைக் கேணி தரும் நலம்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறும் இல்லை, மலையும் இல்லை. எனினும் அதன் வடகரையில் மலை என்னும் பெயர் தாங்கிய ஓர் ஊர் உண்டு. அலைகள் மோதும் கற்கரையின் ஓரத்தே நன்னீர் ஊற்றும் அங்கு உண்டு. அதுவே கீரிமலை. உடல் நலத்தையும் உள்ள நலத்தையும் நம் முன்னோர் எவ்வாறு ஒருங்கே பேணினர் என்பதை அறிய விரும்புவோர், அங்கு ஒரு காலைப் பொழுதையேனும் கழித்தல் வேண்டும்.

யாழ் நகரிலிருந்து காங்கேசன்துறை வீதி வழியே வடக்கு நோக்கிப் புறப்பட்டோம். கொக்குவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை என ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கழிந்தன. செம்மண் தோட்டங்களும் பனங்கூடல்களும் கண்ணுக்குக் குளிர்ச்சி தந்தன. மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலடியில் பேருந்தை விட்டிறங்கி, எஞ்சிய தூரத்தை நடந்தே கடந்தோம். கடற்காற்று முகத்தில் படப்படப் பேச்சுத் தானே குறைந்தது, நடை சீரானது.

இவ்விடத்தின் பெயருக்கு ஒரு கதை வழங்குகின்றது. கீரி முகம் கொண்ட நகுல முனிவர் இங்கு நீராடித் தம் முகம் மாறப் பெற்றாராம். குன்மநோயாலும் குதிரை முகத்தாலும் வருந்திய சோழ அரசகுமாரி மாருதப்புரவீகவல்லியும் இங்கு தங்கி நீராடி நலமடைந்தாள் என்பது ஐதீகம். மா என்பது குதிரை. அம்முகம் விட்டு நீங்கியதால் மாவிட்டபுரம் என்பர். கதையில் நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. அரசகுமாரி ஒருநாள் முழுகிவிட்டு ஓடிவிடவில்லை. ஊரைவிட்டு வந்தாள், தங்கினாள், வழிபட்டாள். காலமும் ஓய்வும் நம்பிக்கையும் அவளுக்கு மருந்தாயின.

ஊற்றின் இயல்பும் இதனையே உணர்த்துகின்றது. குடாநாட்டில் பெய்யும் மழை, சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளினூடே மெல்லக் கீழிறங்குகின்றது. உவர்நீரைவிட நன்னீர் இலேசானது. ஆதலால் நிலத்தின் அடியில் அது உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. அதில் ஒரு பகுதி கடலை நோக்கி நகர்ந்து கரையோரத்தில் ஊற்றாக வெளிப்படுகின்றது. அளவறிந்து இறைக்கும் கிணறு நன்னீர் தரும். பேராசையோடு இறைத்தால் உவர் மேலெழும். நம் உடலும் உள்ளமும் இத்தகையனவே. சேர்வதற்கு இடங்கொடாது செலவிட்டுக்கொண்டே இருப்போமாயின், எஞ்சுவது உவர்ப்பே.

கேணியில் அன்று பலர் நீராடிக்கொண்டிருந்தனர். பெண்களுக்கு வேறாக ஒரு கேணி உண்டு. சிறுவர்கள் படிக்கட்டிலிருந்து குதிப்பதும், முதியோர் கழுத்தளவு நீரில் நின்று ஊர்க்கதை பேசுவதுமாக இருந்தனர். மதிலுக்கு அப்பால் கடல் இரைந்தது. கைத்தொலைபேசிகள் யாவும் கரையில் பைகளுக்குள் உறங்கின. நீரில் இறங்கியவனுக்கு அவசரச் செய்தி எதுவுமில்லை!

ஆடி அமாவாசையன்று தந்தையை இழந்தோர் இங்கு திரண்டு தீர்த்தமாடிக் கடன் செய்வர். துயரைத் தனியே சுமவாது, பலரோடு நின்று இறக்கி வைக்கும் நாள் அது. 1990ஆம் ஆண்டில் போர் மூண்டபோது இப்பகுதி மக்கள் இடம்பெயர்ந்தனர். பின்னர் இது உயர் பாதுகாப்பு வலயமாகிப் பல்லாண்டுகள் நினைத்தபோது வரமுடியாத இடமாயிற்று. 2009இல் போர் முடிந்த பின்னரே வழி படிப்படியாகத் திறந்தது. போரினால் உண்டான மனவடுக்களை ஆராய்ந்த உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், குடும்பமும் ஊரும் சடங்குகளும் மக்களைத் தேற்றும் வலிமையுடையன என எடுத்துக் காட்டியுள்ளார். கேணி மூடப்பட்டபோது மக்கள் இழந்தது நீரை மட்டுமன்று; ஆறுதல் பெறும் இடத்தையுமாகும்.

எனினும் தீர்த்தம் வைத்தியத்துக்கு மாற்றன்று. இருதய நோயாளரும் வலிப்பு நோயாளரும் வைத்தியரைக் கேட்டே நீராடுதல் நன்று. தனியே இறங்குதல் ஆகாது. நெடுநாள் உறக்கமின்மையும் தீராத துயரும் உடையோர் வைத்தியரை நாடத் தயங்கற்க. காய்ச்சலுக்கு மருந்துண்பதில் இல்லாத வெட்கம், மனநோய்க்கு மருந்துண்பதில் மட்டும் ஏன்?

எல்லா ஊரிலும் கீரிமலை இல்லை. ஆயினும் கிணற்றடியும் ஒழுங்கையும் அயலாரும் உண்டு. வளர்ந்தோர் வாரத்துக்கு 150 நிமிடமேனும் விரைந்து நடத்தல் முதலான உடலுழைப்பில் ஈடுபட வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. நாளுக்கு அரைமணி வீதம் ஐந்து நாள் நடந்தால் அக்கணக்கு நிறைந்துவிடும். வேளைக்கு உறக்கம், நாளில் ஒரு வேளையேனும் குடும்பத்தார் கூடியிருந்து உண்ணல், வாரத்தில் ஒருநாள் ஆறுதலான முழுக்கு ஆகிய இவற்றுக்குப் பெருஞ்செலவில்லை. மாணவர்களே, பரீட்சைக் காலத்திலும் இவற்றைக் கைவிடாதீர்கள். மழை பெய்தால்தான் கிணறு ஊறும்.