நிற்காத ஸ்டேஷன்

வேலைக்காரர்களில் இரண்டு வகை உண்டு. ஒருவன், சொன்னது புரியாவிட்டால் முகத்துக்கு நேரே கத்திவிடுவான். மற்றவன், சொன்னதை அப்படியே செய்து காரியத்தைக் கெடுத்துவிட்டுச் சும்மா நிற்பான். கம்ப்யூட்டர் இந்த இரண்டு பேரும் சேர்ந்த பிறவி. நிரல் எழுதப் பழகுகிறவர்கள் முதல்வனைக் கண்டு நடுங்குகிறார்கள். நடுங்க வேண்டியது இரண்டாமவனைக் கண்டுதான்.

திருமங்கலத்தில் எங்கள் அடுத்த வீட்டுப் பிள்ளை கல்லூரியில் முதல் வருஷம். பள்ளிப் படிப்பு முழுவதும் தமிழில். திரையில் நாலு வரி இங்கிலீஷ் சிவப்பாக வந்ததும், "மாமா, இது நமக்குச் சரிப்பட்டு வராது. அப்பா கடைக்கே போயிர்றேன்" என்றான். நான் கதை எழுதுகிறவன். பொழுது போகாமல் பைத்தான் மொழி கொஞ்சம் பழகி வைத்திருக்கிறேன். (1991-ல் ஒரு டச்சுக்காரர் வெளியிட்ட மொழி. பெயர் பாம்பைப் பார்த்து வைத்ததல்ல, ஒரு ஹாஸ்யக் கோஷ்டியை நினைத்து வைத்தது.)

"கடைசி வரியை முதலில் படி" என்றேன். முதல் வரியின் முடிவில் முக்காற்புள்ளி இல்லையாம்! அவ்வளவுதான் சங்கதி. புள்ளியை வைத்தான், சிவப்பு மறைந்தது, ஏழாம் வாய்ப்பாடு வந்தது. ஆனால் 63-உடன் நின்றுவிட்டது. 1 முதல் 10 வரை என்றுதான் எழுதியிருந்தான். யந்திரம் வாயே திறக்கவில்லை.

மதுரையில் ரயில் ஏறினால் திருப்பரங்குன்றம், அடுத்தது நம்மூர். ஸ்டேஷன் மூன்று, இடைவெளி இரண்டே. எதை எண்ணுகிறோம் என்பதில்தான் இந்த ஒன்று கூடும், குறையும். பைத்தானில் கடைசியாகச் சொல்லும் எண் எல்லை மட்டும், கணக்கில் சேராது.

"அப்போ பத்துங்கிறது வண்டி நிற்காத ஸ்டேஷனா மாமா?" என்றான் பையன். இதைவிட நன்றாக எனக்குச் சொல்ல வராது.

பென்சிலும் காகிதமும் கொடுத்தேன். பத்துக்குப் பதில் மூன்று போட்டு, ஒவ்வொரு சுற்றிலும் எண் என்னவாகிறது என்று எழுதினான். இரண்டே சுற்று. உடனே 11 என்று திருத்திக்கொண்டான். கடைப் பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை.

அவனுக்கு இன்னொரு வழக்கமும் இருந்தது: யாரோ எழுதியதை அப்படியே எடுத்து ஒட்டிக்கொள்வது. பெரியவர்களும் செய்கிற காரியந்தான். 1996 ஜூன் 4-ந் தேதி ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட் முதன்முதலாகக் கிளம்பிற்று. பழைய ஏரியன் 4-க்கு எழுதிய நிரலில் ஒரு பகுதியை அப்படியே இதில் வைத்திருந்தார்கள். புதியதற்கு வேகம் அதிகம். அந்த வேகத்தைச் சார்ந்த ஓர் எண், 32,767-க்கு மேல் கொள்ளாத இடத்தில் அடங்காமல் வழிந்தது. ஒரு நிமிஷம் ஆவதற்குள் ராக்கெட் வானத்தில் நொறுங்கிப் போயிற்று. அது போட்டுக்கொண்டிருந்த அந்தக் கணக்கு, தரையை விட்டுக் கிளம்பிய பிறகு ஏரியன் 5-க்குத் தேவையே இல்லை.